மூல வாசகம்

ஈரோட்டிலிருந்து கோவைக்குப் போகும் காலைப் பேருந்தில் பாதிப் பேர் யாரையாவது நேரில் திட்டப் போய்க்கொண்டிருந்தார்கள். மிதுனுக்கு முன் இருக்கையில் இருந்தவர் தன் பங்காளியைத் திட்டப் போகிறார். கேட்காமலே சொன்னார். வரப்பை வெட்டியவனுக்கு மூன்று முறை காட்டமாக எழுதி அனுப்பினாராம். மூன்று முறையும் "நேரம் கிடைக்கும்போது பேசிக்கொள்வோம்" என்றே போய்ச் சேர்ந்ததாம். பங்காளி அதற்கு நன்றி என்று பதில் போட்டுவிட்டான்.

"கெட்ட வார்த்தை பேசோணும்னா இப்பெல்லாம் பஸ் ஏறோணுமுங்க," என்றார்.

பதமாக்கி வந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. வதந்தி ஒன்றினால் கலவரம் நடந்த ஆண்டில் இணக்கப் பேச்சுச் சட்டம் வந்தது. அதற்கு முன் அரசு பிடிக்காத பதிவுகளை நீக்கிக்கொண்டிருந்தது. நீக்கினால் எழுதியவர் கத்துவார். பதமாக்கி எதையும் நீக்குவதில்லை. அனுப்பும் வாசகத்தை வழியிலேயே வாங்கி, கடுமையான சொல்லை எடுத்து, இசைவான சொல்லை வைத்து அனுப்பும். அனுப்பியவரின் கைபேசியிலும் புதிய வாசகம்தான் நிற்கும். இரண்டு கைபேசியிலும் ஒன்றே இருந்தால் சண்டை வராது என்பது அரசின் விளக்கம்.

முதலில் சிலர் தாங்கள் அனுப்பியதைத் தாளில் எழுதி வைத்தார்கள். பிறகு அலுத்துவிட்டது. மூன்றாம் ஆண்டுக்குள், கைபேசியில் இருப்பதைத்தான் தாங்கள் எழுதியதாக பலர் நம்பத் தொடங்கினார்கள். தெருவில் குழி இருக்கிறது என்று எழுதினால் தெரு மேம்பட்டு வருகிறது என்று போனது. விவாகரத்தும் குறைந்தது. ஆகவே பாதிப் பேர் எதிர்த்தார்கள், பாதிப் பேர் ஆதரித்தார்கள். சட்டத்தை நிரந்தரமாக்கலாமா என்று மக்களைக் கேட்கும் கூட்டம் வியாழக்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்க இருந்தது.

எதிர்ப்பவர்களில் முதல் ஆள் மிதுனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்து, அவனுடைய மாமனார். சொந்தமாகத் தறிப்பட்டறை வைத்திருப்பவர். ஒரே மகள் தர்ஷினி இறந்து எட்டு மாதம் ஆகிறது. மகளைப் பதமாக்கி கொன்றுவிட்டது என்று அவர் மேடை மேடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆதாரம் இரண்டு வரிகள். அன்று பகல் இரண்டு நாற்பதுக்குத் தர்ஷினி அனுப்பியது: "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு. கொஞ்சம் வர முடியுமா?" அடுத்த நிமிடம் மிதுனின் பதில்: "கவலைப்படாதே. இதோ கிளம்பிட்டேன்." அவன் வீட்டுக்குப் போனது ஆறு மணிக்கு. அவள் செருப்புப் போட்டுக்கொண்டு, கைப்பையோடு நாற்காலியில் இருந்தாள். கூடவே கிளம்பத் தயாராக. இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர். நாச்சிமுத்துவின் வீடு இரண்டு தெரு தள்ளி. வாசலில் கார் நிற்கும்.

"எம்புள்ள வலின்னா வலின்னுதானுங்க எழுதும்," என்று நாச்சிமுத்து எல்லாரிடமும் சொன்னார். மிஷின் அதை மாற்றிவிட்டது, அதனால்தான் மாப்பிள்ளை மெதுவாக வந்தார். இதுதான் அவர் கட்சி.

மிதுனுக்கு அது பாதிதான் விளங்கியது. அவள் எழுதியது மாறியிருக்கலாம். ஆனால் கிளம்பிட்டேன் என்று எழுதியவன் ஏன் கிளம்பவில்லை? அன்று அலுவலகத்தில் ஆடிட் நடந்தது, அது நினைவிருந்தது. மேஜை மேல் டீ ஆறிப்போனது நினைவிருந்தது. எழுதியது நினைவில்லை. எட்டு மாதமாக அந்தப் பதிலைத் திறந்து பார்க்கிறான். வேறு யாரோ எழுதியது போல இருந்தது. துக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நண்பன் ஒருவன் சொன்னான். இருக்கலாம்.

மாற்றத்துக்கு முந்தைய வாசகங்கள் கோவையிலுள்ள மூல வாசகக் காப்பகத்தில் இருந்தன. இறந்தவருடையதைக் கணவன் அல்லது மனைவிதான் கேட்க முடியும். தனியாகத்தான் உள்ளே போக வேண்டும். நாச்சிமுத்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

காப்பக அலுவலர் ஜெசிந்தா நடுவயதுக்காரர். இரங்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் திரையைத் திருப்பினார்.

"உங்க மனைவி எழுதினது, சார். மாற்றம் எதுவும் இல்ல. அப்படியே போயிருக்கு."

மிதுன் படித்தான். அதே வரி. ஒரு மாதிரியா இருக்கு. அதே கேள்விக்குறி.

அவ்வளவுதானா என்று கேட்டான். ஜெசிந்தா சற்றுத் தயங்கினார். விண்ணப்பத்தில் உரையாடல் முழுதும் கேட்டிருக்கிறீர்கள், உங்கள் பதிலும் இருக்கிறது, அது முழுசாக மாறியிருக்கிறது என்றார்.

திரையில் இரண்டாவது பெட்டி திறந்தது.

"சும்மா சும்மா மெசேஜ் பண்ணாத. ஆடிட்ல இருக்கேன், வர முடியாது. உங்கப்பாவக் கூப்பிடு."

கீழே பதமாக்கியின் குறிப்பு இருந்தது: துணைவரைப் புறக்கணிக்கும் தொனி. பொறுப்பைப் பிறர் மீது தள்ளுதல். ஆறுதலாக மாற்றப்பட்டது.

அவன் மூன்று முறை படித்தான். இப்போதும் நினைவு வரவில்லை. ஆனால் எழுதியது அவன்தான். எரிச்சல் வந்தால் உங்கப்பா என்பான். அது தர்ஷினிக்குப் பிடிக்காது. பிடிக்காமல், உடனே அப்பாவைத்தான் கூப்பிட்டிருப்பாள். கோபத்தோடு. கார் மூன்று நிமிடத்தில் வந்திருக்கும்.

அவன் எழுதியபடியே போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அவனைவிட நல்ல கணவன் ஒருவனை மிஷின் உண்டாக்கியது. அவள் அந்தக் கணவனை நம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். யார் மேல் கோபப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. மிஷின் மேல் என்றால், அது செய்தது என்ன? அவன் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னது.

ஜெசிந்தா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் இங்க மூணு வருஷமா இருக்கேன் சார். இதனால ஒரு உயிர் போச்சுன்னு எழுத்துல ஆதாரம் இதுவரைக்கும் இல்ல. இதுதான் முதல். வியாழக்கிழமை இது வெளிய வந்தா சட்டம் நிக்காது."

பிறகு ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். எழுதியவர் சம்மதித்தால்தான் மூல வாசகத்தை வெளியிட முடியும். மனைவியுடையதற்கு அவன் வாரிசு. இதற்கு அவனே உரிமையாளன். அரசு மக்களின் அந்தரங்கத்தை மேடையேற்றக் கூடாது என்று நாச்சிமுத்துவின் பதமாக்கி எதிர்ப்புச் சங்கம் இரண்டு ஆண்டுகள் போராடி வாங்கிய விதி அது. கீழே இரண்டு கட்டங்கள். வெளியிடலாம். மூடி வைக்கவும்.

"மூடி வெச்சா?"

"அழிச்சிடுவோம் சார். அப்புறம் யாரும் கேக்க முடியாது. நீங்களும்தான்."

மிதுன் வியாழக்கிழமையை நினைத்துப் பார்த்தான். ஆட்சியர், மைக், பெரிய திரை. நாச்சிமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படிப்பார். எதையும் அவர் சொல் சொல்லாகத்தான் படிப்பார். உங்கப்பாவக் கூப்பிடு என்ற இடத்தில் நிறுத்துவார். அந்த வரி போயிருந்தால் மகள் தன்னைக் கூப்பிட்டிருப்பாள் என்பது அப்போது அவருக்குப் புரியும். அதன் பிறகு அவனை நிமிர்ந்து பார்ப்பார்.

இந்தச் சட்டத்தின் கீழ் எத்தனை கோடிப் பேர் என்றும் நினைத்தான். அவர்கள் முகமில்லாமல் இருந்தார்கள்.

பேனா கேட்டான். இரண்டாவது கட்டத்தில் குறியிட்டான்.

"இன்னொரு தடவை யோசிங்களேன்," என்றார் ஜெசிந்தா.

"யோசிச்சுட்டேங்க."

யோசிக்கவில்லை. கையெழுத்துப் போட்டான். அவர் படிவத்தை எடுத்துக்கொண்டு எதையோ அழுத்தினார். இரண்டாவது பெட்டி மறைந்தது. அங்கே வெள்ளையாக இருந்தது.

வெளியே நாச்சிமுத்து எழுந்து நின்றார்.

"என்னங்க மாப்ளே சொன்னாங்க?"

"தர்ஷினி எழுதினதுல ஒரு எழுத்துகூட மாத்தல மாமா."

"கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவர் மறுபடி உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். மிதுன் நின்றுகொண்டே இருந்தான். காப்பகத்துக்கு வந்தவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"அப்ப இது இவ்வளவு ஆபத்துன்னு புள்ளைக்கே தெரியல," என்றார் அவர் கடைசியில். "நீங்களும் கிளம்பிட்டேன்னு உடனே பதில் போட்டீங்க. ஆபீசுல விட்டிருக்க மாட்டாங்க. அதுக்கு மிஷினு என்னங்க பண்ணும்?"

மிதுன் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எட்டு மாசமா ஊரெல்லாம் சொல்லிட்டேனுங்க, இதுதான் கொன்னுதுன்னு. என்ர பேச்சக் கேட்டு எத்தன பேரு கையெழுத்துப் போட்டாங்க. வியாழக்கிழமை மைக்குல நானே சொல்லிப்போடறேன், நான் சொன்னது தப்புன்னு. இல்லாத ஒண்ண வெச்சுட்டுச் சட்டத்த எதுக்கக் கூடாதுங்க. சொல்லட்டுங்களா?"

அவனுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அதில் கடுமையான சொற்கள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். எடுத்த பிறகு மீதி அதிகம் இல்லை.

"சொல்லுங்க மாமா," என்றான்.