துன் பாத்திமா சிரிக்கவில்லை

தேவிஸ்ரீக்குச் சிரிப்பு வந்துவிட்டால் லேசில் நிற்காது. ஒருமுறை பள்ளியின் காலைச் சபை கூடலில் தேசிய கீதம் முடிந்த அமைதியில் எங்கோ ஒரு பூனை கத்தியது. அவ்வளவுதான். தேவிஸ்ரீ சிரித்த சிரிப்பில் ஐந்தாம் ஆண்டு வரிசை முழுவதும் குலுங்கியது. அன்று காலை அவள் வகுப்புக்கு வெளியேதான் நின்றாள்.

அதனால்தான் விஜயராணி டீச்சர் குலுக்கலில் அவளுக்கு வந்த சீட்டைப் பிரித்துப் படித்ததும் வகுப்பே கைகொட்டியது.

"துன் பாத்திமா. மலாக்காவின் அரசி. சுல்தானை மணந்த பிறகு சிரிக்கவே இல்லை என்று சொல்லப்படுபவர்."

"டீச்சர், இவ சிரிப்பு மெஷின்லா!" என்று தினேஷ்வரன் கத்தினான். "வேற ராணி குடுங்க டீச்சர்!"

மலாக்கா தமிழ்ப்பள்ளிகளுக்கு இடையே 'வரலாற்றில் அரசிகள்' என்று ஒரு போட்டி. ஒரு பள்ளிக்கு ஒருவர். அரசியைப் போல உடுத்தி, அந்த அரசியே பேசுவது போல மேடையில் பேச வேண்டும். மெர்லிமாவில் உள்ள அவர்கள் பள்ளியில் தேவிஸ்ரீக்குத்தான் கணீர் என்ற குரல். ஆளை டீச்சர் தேர்ந்தெடுத்தார். அரசியைச் சீட்டு தேர்ந்தெடுத்தது.

"வேணும்னா மாத்திக்கலாம் மா. வேலு நாச்சியார் இருக்காங்க, ஜான்சி ராணி இருக்காங்க," என்றார் டீச்சர்.

"அந்த ராணி ஏன் டீச்சர் சிரிக்கல?"

"திமிர்லா!" என்றான் தினேஷ்வரன். "எங்க அக்கா சொன்னாங்க. ரொம்ப அழகாம். அதனால திமிராம்."

தேவிஸ்ரீ சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். "இவங்களே இருக்கட்டும் டீச்சர்."

அந்த வாரம் முழுவதும் ஓய்வு நேரத்தில் அவளை நூலகத்தில்தான் பார்க்க முடிந்தது. மலாய்ப் புத்தகம். பழைய கதை. விரலை வரிமேல் வைத்து மெதுவாகப் படித்தாள். துன் பாத்திமாவின் அப்பா மலாக்காவின் தலைமை அமைச்சர். அவர் சுல்தானுக்கு எதிராகச் சதி செய்கிறார் என்று யாரோ பொய் சொன்னார்கள். சுல்தான் விசாரிக்காமல் நம்பிவிட்டார். அப்பாவையும், பாத்திமாவின் கணவரையும், வீட்டு ஆண்களையும் கொல்லச் சொன்னார். பிறகு அதே சுல்தான் பாத்திமாவை மணந்து அரசியாக்கினார்.

தேவிஸ்ரீ புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தாள். பிறகு நேராக தினேஷ்வரனிடம் போனாள்.

"திமிர் இல்ல. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"சரி சரி. கோபப்படாத," என்றான் அவன். "ஆனா நீ எப்படிச் சிரிக்காம இருப்ப?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை.

வீட்டில் பயிற்சி தொடங்கியது. அவளைச் சிரிக்க வைக்கும் வேலையைத் தம்பி யுவனேஸ்வரன் ஆசையாக ஏற்றுக்கொண்டான். அவனுக்கு ஏழு வயது. முதலில் குரங்கு முகம் காட்டினான்.

"நாலு செகண்ட்!" என்று அறிவித்தான்.

அடுத்து அப்பாவின் கால்சட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தான். மூன்று செகண்ட். தேவிஸ்ரீ உதட்டைக் கடித்துப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். மூச்சைப் பிடித்தபோது சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

"நீ தோத்துருவ அக்கா," என்றான் யுவன்.

"மாட்டேன். திரும்பச் செய்."

நான்காம் நாள் மாலை. யுவன் கால்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அப்பா செங் வட்டாரத்தில் உள்ள தொழிற்சாலையிலிருந்து வந்துவிட்டார். தினமும் கேட்கும் சத்தம்தான். அன்றைக்கு ஏனோ அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. யாரோ அப்பாவைப் பற்றிப் பொய் சொல்லி, நாளையிலிருந்து இந்தச் சத்தம் கேட்காமல் போனால்?

யுவன் கால்சட்டையோடு குதித்தான், கத்தினான், உருண்டான். எழுபது வரை எண்ணிவிட்டு நின்றான்.

"அக்கா? அழறியா?"

"இல்ல," என்றாள் தேவிஸ்ரீ. ஓடிப்போய் அப்பாவின் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கி ஆணியில் மாட்டி வைத்தாள்.

போட்டிக்கு முந்தின நாள் டீச்சர் மதிப்பெண் தாளைக் காட்டினார். "இதப் பாரு மா. முகமலர்ச்சிக்குப் பத்து மார்க். கடைசியில கும்பிடும்போது ஒரு சின்னச் சிரிப்பு சிரிச்சிடு. போதும்."

"அவங்க சிரிக்கலையே டீச்சர்."

"பத்து மார்க் போயிடும் மா."

"போகட்டும் டீச்சர்."

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்தார்.

போட்டி மலாக்கா நகரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பாயா ரும்புட் பள்ளியிலிருந்து வந்த ரெனீ ஜான்சி ராணியாக வாளைச் சுழற்றினாள். மண்டபம் அதிர்ந்தது. அடுத்து தேவிஸ்ரீ. பாஜு கூரோங் என்ற நீண்ட மலாய் உடை, தோளில் துணி, தலையில் அட்டையில் செய்து தங்கக் காகிதம் ஒட்டிய மகுடம்.

"நான் துன் பாத்திமா," என்று தொடங்கித் தலையை நிமிர்த்தினாள். மகுடம் நழுவியது. மேடையில் விழுந்து, சக்கரம் போல உருண்டு, கீழே முதல் வரிசைக்குப் போனது. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பையன் அதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். மகுடம் மூக்கு வரை இறங்கியது. அப்படியே எழுந்து எல்லாருக்கும் சல்யூட் அடித்தான்.

மண்டபமே சிரித்தது. நடுவர்களும் சிரித்தார்கள்.

தேவிஸ்ரீயின் வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. மார்பு வரை வந்தது. அவள் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளை நினைத்துக்கொண்டாள். பிறகு மனப்பாடம் செய்திருந்ததை விட்டுவிட்டு, ஓர் அடி முன்னால் வந்தாள்.

"சிரியுங்கள், மக்களே," என்றாள். "நானும் சிரித்தவள்தான். என் அப்பாவின் வீட்டில் நான் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை."

சிரிப்பு பாதியில் நின்றது.

"பாத்திமா சிரிப்பதில்லை என்று ஊரே பேசுகிறது. திமிர் என்கிறது. எல்லாரும் என் முகத்தையே பார்த்தீர்கள். ஏன் என்று ஒருவராவது கேட்டீர்களா?"

முதல் வரிசைப் பையன் மகுடத்தை மெதுவாகக் கழற்றி, இரண்டு கைகளாலும் மடியில் பிடித்துக்கொண்டான். தேவிஸ்ரீ மகுடம் இல்லாமலே பாத்திமாவின் அப்பா கதையைச் சொல்லி முடித்தாள். கும்பிட்டாள். சிரிக்கவில்லை.

கைதட்டல் கொஞ்சம் தாமதமாக வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை.

முதல் பரிசு ரெனீக்கு. தேவிஸ்ரீக்கு மூன்றாம் பரிசு.

"அந்தப் பத்து மார்க் இருந்தா ரெண்டாவது வந்திருக்கலாம்லா!" என்று போட்டியைப் பார்க்க வந்திருந்த தினேஷ்வரன் தலையில் அடித்துக்கொண்டான்.

"வந்திருக்கலாம்," என்றார் விஜயராணி டீச்சர். "நல்லவேளை, இவ என் பேச்சக் கேக்கல."

வெளியே படியில் உட்கார்ந்து தேவிஸ்ரீ பிகூன் நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்தாள். ரெனீ வாளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் ராணிய எனக்குத் தெரியவே தெரியாது. நாங்க மலாக்காவுலயேதான் இருக்கோம்," என்றாள்.

"எனக்கும் போன மாசம்தான் தெரியும்."

அப்போது அந்தச் சின்னப் பையன் அம்மாவின் கையை விட்டுவிட்டு ஓடி வந்தான். மகுடத்தை நீட்டினான். போகாமல் நின்றான்.

"அக்கா, அந்த ராஜா சாரி சொன்னாரா?"

தேவிஸ்ரீ யோசித்தாள். "பின்னாடி ரொம்ப வருத்தப்பட்டார்னு இருக்கு. ஆனா அவங்ககிட்ட போய் சாரி சொன்னாரான்னு நான் படிச்ச புத்தகத்துல இல்ல."

"சொல்லியிருக்கணும்," என்றான் பையன்.

"ஆமா," என்றாள் ரெனீ. "கண்டிப்பா சொல்லியிருக்கணும்."

பையன் இருவருக்கும் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தான். "முதல்லேர்ந்து சொல்லுங்கக்கா."

பள்ளி வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

"அஞ்சு நிமிஷம், ஷங்கர் மாமா!" என்று தேவிஸ்ரீ குரல் கொடுத்தாள். பொட்டலத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு, "அவங்க அப்பா ஒரு தலைமை அமைச்சர்," என்று ஆரம்பித்தாள்.

ஷங்கர் மாமா இன்னொரு முறை ஹாரன் அடித்தார். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, அவரும் இறங்கி வந்து படியோரம் நின்றார்.