படிக்கு வெளியே நின்ற கால்

"சாயங்காலம் ஊர் கூடுது அண்ணே. என்னை உயிரோட விடமாட்டாங்க."

சாய்பாசா நகரில் துப்புத் துலக்கும் துபித்தின் வீட்டில் ஜேமா உட்காராமல் நின்றபடியே சொன்னாள். அப்பா விட்டுப்போன வயல் அவள் கையில் இருந்தது. கல்யாணமாகாத மகள் சாகும்வரை அனுபவிக்கலாம், பிறகு சித்தப்பா துராமுக்கு என்பது ஹோ பழங்குடி வழக்கம். சட்டப்படி எனக்கே சொந்தம் என்று அவள் கோர்ட்டுக்குப் போயிருந்தாள். இன்று விடியலில் குளத்துக்குப் போய்த் திரும்பினால், ஆதிங்கில் கறுப்புக் கோழியின் தலை. செத்த அப்பாவும் முன்னோரும் குடியிருக்கும் அறை அது. வேற்றுக் குலத்தார் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார்கள். அந்தத் தலையை வைத்தே ஜேமா சூனியக்காரி என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

துபித்தின் மச்சான் காண்டே, ஜேமாவின் ஊருக்குப் போகும் வழியெல்லாம் துராமைக் கரித்துக்கொட்டினார்.

துபித்தும் வேற்றுக் குலம்தான். ஆதிங்கின் படிக்கு வெளியே நின்றே எட்டிப் பார்த்தார். உட்சுவரில் ரத்தம் தெறித்திருந்தது. தலை மூலையில் உருண்டு கிடந்தது. இரவு சாணம் மெழுகிய தரையில் ஒரு காலடியும் இல்லை. ஒரு வாரமாகத் துணைக்கு வந்திருந்த அக்கா நந்தி, ஆதிங்கிலிருந்த செம்பைத் தங்கையை எடுத்துத் தரச்சொல்லி, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

சாயங்காலம் முற்றம் நிறையக் கோடாலிகள். ஜேமா அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தலையை வெளிய நின்னு எறிஞ்சிருக்காங்க," என்றார் துபித். "துராம் இந்தக் குலத்து ஆம்பளை. உள்ள போயே வச்சிருப்பான். வேத்தாள்னா வாசல்ல படுத்திருந்த நந்தியைத் தாண்டி வந்திருக்க முடியாது. வீட்டுக்குள்ளயே இருந்தும் இந்தப் படியைத் தாண்டப் பயப்படுறது ஒருத்திதான். கட்டிக்குடுத்து வேற குலத்துக்குப் போன பொண்ணு."

ஜேமாவின் பிடி தளர்ந்தது.

"நானும்தான் அந்த வயல்ல நாத்து நட்டேன்," என்றாள் நந்தி, தங்கையைப் பார்க்காமல். "வழக்கத்துல எனக்கு இல்ல, சரி. கோர்ட்டுலயும் உன் பேரை மட்டும்தானே எழுதின? சித்தப்பா எனக்கு வயல்ல ஒரு துண்டு தர்றேன்னாரு."

துராம் தலை குனிந்தான்.

"அப்ப இவதான் சூனியக்காரி," என்றது ஒரு குரல். கோடாலிகள் நந்தி பக்கம் திரும்பின. இந்தக் கூட்டம் நுழையப் பயப்படும் இடம் ஒன்றே ஒன்றுதான். ஜேமா அக்காவை ஆதிங் பக்கம் இழுத்தாள். நந்தி படியில் காலை ஊன்றித் திமிறினாள்.

"நான் வரக்கூடாதுடி."

"வா. அப்பா கோவிச்சா நான் சொல்லிக்கிறேன்."