தூளிக்கு மேலே போன கம்பி

பிள்ளையின் அரைஞாண் கொடி சுட்டது. மரிய புஷ்பம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மறுபடி தொட்டுப் பார்த்தாள். நெற்றியில் சூடில்லை, வயிற்றில் சூடில்லை. இடுப்பைச் சுற்றிக் கிடந்த வெள்ளி மட்டும் அடுப்பிலிருந்து எடுத்த கரண்டிக் காம்பாக இருந்தது.

தூளிக்கு நேர் மேலே, உத்தரத்தை ஒட்டி ஒரு செம்புக் கம்பி ஓடியது. அது அவள் புருஷன் பிலவேந்திரன் தன் வயர்லெஸ் பெட்டிக்குக் கட்டிய ஏரியல். பட்டாளத்தில் வயர்லெஸ் வேலை பார்த்து, சண்டை முடிந்து திரும்பியவன். பகலில் அரியலூர் ஸ்டேஷனில் தந்தி அடித்தான். பொழுது சாய்ந்தால் உள்ளறையில், பட்டாளச் சாமான் ஏலத்தில் எடுத்த அந்த இரும்புப் பெட்டியின் முன் உட்கார்ந்துவிடுவான். லாரி பேட்டரியில் ஓடும் அந்தப் பெட்டி முதலில் பூனையைப் போல உறுமி, பிறகு காதுக்குள் வண்டு புகுந்தது போன்ற ரீங்காரமாகி, சூடான அரக்கும் கருகிய தூசியும் கலந்த வாசனையைக் கூடம் முழுக்கப் பரப்பிக்கொண்டே இருக்கும்.

பிள்ளை செபஸ்தியான் பிறந்ததிலிருந்து ஓயாமல் அழுதவன். கம்பிக்குக் கீழே தூளியை மாற்றிக் கட்டிய அன்று, பெட்டி உறுமியதும் அழுகை நின்றது. அப்புறம் அவள் வேறெங்கும் கட்டவில்லை.

"கொடி சுடுதுங்க," என்றாள்.

பிலவேந்திரன் திரும்பவில்லை. "வெள்ளி சுடுதா? தங்கமா மாறப்போவுது. பேசாம இரு."

"வெளையாடாதீங்க. உங்க கண்ணு வேற..."

பெட்டி வந்த பிறகு அவனுடைய இடது கண்ணில் கஞ்சித்தண்ணியைப் போல வெள்ளை படர்ந்திருந்தது. "அது பட்டாளத்துத் தூசிடி," என்றான்.

அன்று வந்திருந்த நாத்தனார் சவரியம்மாளும் கேட்கவில்லை. "கொடிய அவுத்துடாத புஷ்பம். பச்சப்புள்ளய வெறும் இடுப்பா போடறது ஆவாது. எம் புள்ளைவ வூட்டையே ரெண்டாக்குதுவ. தூங்குற புள்ளையப் பாத்து பயப்படுறவ நீ ஒருத்திதான்."

அவள் அவிழ்க்கவில்லை.

பிள்ளை பசிக்கும் அழாமலானான். பெட்டி ஓடாதபோதும் கண்ணை இமைக்காமல் கம்பியையே பார்த்தான். ஒரு நாள் குளிப்பாட்டும்போது கொடியை நகர்த்தினாள். அடியில் இடுப்பைச் சுற்றிச் சிவந்து கொப்பளித்த வளையம். கொடியை அறுத்தெறிந்தாள். தூளியை அடுப்படிக்கு மாற்றினாள். பிள்ளை பாலைத் துப்பினான். தலை மட்டும் உள்ளறைப் பக்கம் திரும்பியது. எப்படிக் கிடத்தினாலும் திரும்பியது.

மறுநாள் சாயங்காலம் மழை. கோயில் மணி அடித்தது. செபமாலைக்கு முழந்தாளிட்டவள் பாதியில் எழுந்தாள். உள்ளறைப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அரிவாளை எடுத்துப் போய்க் கம்பியை வெட்டினாள். பேட்டரி வயரைப் பிடுங்கினாள்.

"என்னடி பண்ணிட்டே!"

"எனக்கு எம் புள்ள வேணும்."

பெட்டி அடங்கியது. ரீங்காரம் அடங்கவில்லை.

"இன்னும் கேக்குதே," என்றாள்.

"உங் காதுலதான் கேக்குது." அவன் சட்டைப்பையிலிருந்து விரல் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்தான். "கரண்டு அலை இருந்தா இது வயர் இல்லாமயே எரியும். கண்ணால பாத்துக்க."

பெட்டியருகே நீட்டினான். இருட்டு. அறுந்த கம்பியருகே. இருட்டு.

"போதுமா?" என்று சிரித்தபடி அடுப்படிக்கு வந்தான். "இங்கயும் பாத்துரு."

தூளியை நெருங்கினான்.

குழாய்க்குள் சிவப்பாக ஒரு புழு நெளிந்தது.

சிரிப்பு நின்றது. இன்னொரு எட்டு வைத்தான். குழாய் முழுக்க எரிந்தது. தூளித் துணி சிவந்தது.

பிள்ளை மூச்சை இழுத்தான். மங்கியது.

விட்டான். எரிந்தது.

இழுத்தான். மங்கியது.

குழாய் கீழே விழுந்து உருண்டது. அணையவில்லை. அந்த வெளிச்சத்தில் செபஸ்தியான் எத்தனையோ நாளைக்குப் பிறகு அம்மாவைப் பார்த்தான். தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினான். அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. கால் நகரவில்லை.

பிள்ளை கையை நீட்டியபடியே இருந்தான்.