ஆணியில் தொங்கிய பேர்

முதல் தோசையை மாரிக்கனி திருப்பிப் போடும் நேரத்தில் பொன்னுராஜ் ஒரு துணிக்கடைப் பையோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார். அவள் கணவனின் அண்ணன். ராஜபாளையத்தில் அந்த வீட்டுக்குள் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மாரிக்கனி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள்.

"எங்கத்தா சத்யா? பெரியப்பா என்ன வாங்கியாந்திருக்கேன், வந்து பாரு!"

ஈரத்தலையில் துண்டோடு ஓடிவந்த சத்யப்பிரியா பையைப் பிரித்தாள். வெள்ளைக் கோட்டு! மடிப்புக் கலையாத புதுக்கோட்டு. நெஞ்சுப் பக்கத்துப் பையின்மேல் நீல நூலில் எழுத்து: ‘பொன்பாண்டி மெடிக்கல்ஸ், ஸ்ரீவில்லிபுத்தூர்.’

மாரிக்கனியின் கையில் தோசைக்கரண்டி அப்படியே நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னும் கடையே திறக்கவில்லை. பிள்ளை காலேஜில் சேரக்கூட இல்லை. அதற்குள் கோட்டு தைத்தாகிவிட்டது…

சத்யா அதை மாட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"கழத்து சத்யா."

"ஏன்?"

"கழத்துன்னா கழத்து. பார்மசி வேணாம்னு வருசம் பூராவும் சொல்லிக்கிட்டு இருக்கேன். நர்சிங் படி, பி.காம் படி… வேற என்ன வேணும்னாலும் படி."

"நீ மட்டும் படிச்ச! நான் படிக்கக் கூடாதோ?"

பொன்னுராஜ் சிரித்தார். "தோசை கருகுது பாரு மாரிக்கனி. பிள்ள ஆசப்படுது, விடு. மதுரையில போயி நாலு வருசம் எதுக்குக் கெடக்கணும்? நம்ம பக்கத்துலயே டி.பார்ம் இருக்கு, ரெண்டே வருசம். வீட்டுல இருந்தே போயிட்டு வந்திரலாம். சீட்டுக்குச் சொல்லி வச்சாச்சு. இன்னைக்கு ஒரிஜினலக் குடுத்துட்டா வேலை முடிஞ்சுது."

கலந்தாய்வுத் தரவரிசையில் சத்யாவுக்கு நல்ல இடம் வந்திருந்தது. மதுரை அரசுக் கல்லூரியில் பி.பார்ம் கட்டாயம் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்து டீச்சரே சொல்லியிருந்தார். எந்தக் கல்லூரி முதலில், எது அடுத்தது என்று இணையத்தில் பதிந்து உறுதிசெய்ய அன்று சாயங்காலம்தான் கடைசி. சத்யாவும் முதலில் மதுரைக்குத்தான் ஆசைப்பட்டாள். ஆனால் அம்மா ஒரேயடியாக பார்மசியே கூடாது என்று நின்றபோது, நான் படிக்க வைக்கிறேன் என்று சொன்ன ஒரே ஆள் பெரியப்பாதான். அவர் காட்டிய வாசலில் நுழைய அவள் தயாராகிவிட்டாள். மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் இங்கே கொடுத்துவிட்டால் அதோடு மதுரை போயிற்று.

"காரணம் சொல்லும்மா. ஒரே ஒரு காரணம் சொல்லு, நான் கேட்டுக்கிடுதேன்."

மாரிக்கனி வாயைத் திறந்தாள். எதிரில் பொன்னுராஜ் நின்றார். மூடிக்கொண்டாள்.

"சொல்ல மாட்ட! ஒனக்கு எப்பவும் இந்த அடுப்படிதான். அப்பாவுக்கு உசுரு போகும்போதுகூட வீட்டுல சாமான் எடுக்கணும்னு கெளம்பி வந்தவதான நீ! கடைசித் தண்ணிய நான் ஊத்துனேன். ஆறாப்பு படிக்கிற பிள்ள ஊத்துனேன்… நீ எனக்குப் புத்தி சொல்ல வேணாம்."

சட்னி அரைத்துக்கொண்டிருந்த ஈஸ்வரி மிக்சியை நிறுத்தினாள். பொன்னுராஜின் மனைவி. மாரிக்கனியை ஒரு முறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

கருகிய தோசையைச் சுரண்டி எடுத்துக்கொண்டே மாரிக்கனி சொன்னாள்: "இன்னைக்கு நானும் கூட வாரேன்."

மாரிக்கனிக்குப் பிறந்த ஊர் மகாராஜபுரம். அந்தத் தெருவிலிருந்து பார்மசி படித்த முதல் பெண் அவள். பெண் பார்க்க வந்த அன்று பொன்னுராஜ் சமைக்கத் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. "சர்டிபிகேட்டு கைக்கு வந்துருச்சா?" என்றுதான் கேட்டார். மாப்பிள்ளை பாண்டிச்செல்வத்துக்கு வெட்கமாகிவிட்டது. "அண்ணே, மொதல்ல பொண்ணப் பாப்போம்ணே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மருந்துக்கடை என்றால் முறையாகப் பதிவு செய்த மருந்தாளுநர் ஒருவர் வேண்டும். அவருடைய சான்றிதழ் சுவரில் இருக்க வேண்டும். ஆள் கடையில் இருக்க வேண்டும். ராஜபாளையம் பஜாரில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய கடையில் சான்றிதழ் சுவருக்குப் போனது. ஆள் அடுப்படிக்குப் போனாள்.

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் அவளுடைய வெள்ளைக் கோட்டு தொங்கும். தாளிப்பு வாசம் ஏறிய கோட்டு. மருந்து ஆய்வாளர் பஜாருக்குள் நுழைந்தால் கடைக்குக் கடை போன் பறக்கும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, சேலைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு, பின்சந்து வழியாக ஓடுவாள். "எப்பவும் கடையிலதான் இருப்பீங்களாம்மா?" "ஆமா சார்." அவள் படித்த படிப்புக்கு உத்தியோகம் அதுதான்.

ஆய்வாளர் என்றைக்கு வருவார் என்று யாருக்குத் தெரியும்? அதனால் எங்கேயும் நகர முடியாது. தம்பி கல்யாணத்துக்குப் போனவள் தாலி கட்டி முடித்ததும் பஸ் ஏறினாள். அம்மா வீட்டில் ஒரு ராத்திரி படுத்து எழுந்த ஞாபகமே அவளுக்கு இல்லை.

"ஒன் படிப்ப ஆணியில மாட்டிட்டோம் கனி" என்று பாண்டிச்செல்வம் மட்டும் எப்போதாவது சொல்வான். "பொறவு ஒரு நாளு எறக்கிருவோம்."

இறக்குவதற்குள் அவன் போய்விட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. காலி அலமாரிகளுக்கு நடுவில் பொன்னுராஜ் கல்யாண வீட்டுக்காரர் போல நடந்தார். ஃபைலை மார்போடு அணைத்தபடி சத்யா பின்னாலேயே போனாள்; அவளுக்குப் பின்னால் மாரிக்கனியும் ஈஸ்வரியும். புதுக்கோட்டு சத்யாவின் கையில் தொங்கியது.

"கல்லா இங்க. பிரிட்ஜு அந்தா அங்க. இது… இதுதான் நம்ம சத்யா எடம்!"

அவர் காட்டிய இடத்தில் நாற்காலி இல்லை. மேலே, சுவரில், ஓர் ஆணி அடித்திருந்தது.

"எல்லாம் ரெடி பாத்தியா! நீ படிச்சு முடிச்சதும் கொண்டாந்து மாட்ட வேண்டியதுதான். அதுவரைக்கும் வாடகைச் சர்டிபிகேட்டு வச்சு ஓட்டிக்கிடுவோம்."

"நான் எங்க பெரியப்பா உக்காருவேன்?"

"நீ எதுக்குத்தா உக்காரணும்? கடையில நிக்கிறதுக்கு ஆளுக இருக்கானுக. ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கிட்டு வீட்டுல ராணி மாதிரி இரி. கூப்பிட்டா மட்டும் செத்த நேரம் வந்து நில்லு. ஒங்கம்மா நிக்கலியா?"

"வெளியூர்ல கட்டிக் குடுத்தா?" என்றாள் மாரிக்கனி மெதுவாக.

"வெளியூர்ல எதுக்குக் குடுக்கணும்? ரெண்டு தெரு தள்ளி நம்ம சனத்துலயே பாத்துருவோம்!"

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் மாரிக்கனிக்கு மூச்சை அடைத்தது. சத்யா ஆணியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

அந்த நேரத்தில்தான் போன் வந்தது.

"என்னது… நம்ம ஊரு பஜாருல எறங்கிட்டாரா?" பொன்னுராஜுக்கு வேர்த்துவிட்டது. "மாரிக்கனி! இன்ஸ்பெக்டரு வந்துட்டாராம். ஒரு ஆட்டோவப் பிடிச்சு ஓடு தாயி. செத்த நேரம் நின்னுட்டு வந்திரு. பிள்ளைய நான் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போயிக்கிடுதேன்."

பழக்கம்… மாரிக்கனியின் கால்கள் தாமாகவே வாசலுக்கு நடந்தன.

"செத்த நேரமா?"

ஈஸ்வரியின் குரல். அவள் அப்படி உரக்கப் பேசி அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை.

"அன்னைக்கும் இதேதான சொன்னீக! செத்த நேரம் வந்து நின்னுட்டுப் போகட்டும்னு…"

"ஏட்டி, வாய மூடு!"

"மூடித்தான வச்சிருந்தேன் இம்புட்டு நாளா! காலையில இந்தப் பிள்ள பேசுன பேச்சக் கேட்டீகள்ல? எனக்குத் தொண்டையில சோறு எறங்கல."

"என்னைக்கு பெரியம்மா?" என்றாள் சத்யா.

"அக்கா, வேணாம்க்கா…" மாரிக்கனி ஓடிவந்து ஈஸ்வரியின் கையைப் பிடித்தாள்.

"விடு கனி. ஒங்கப்பா மதுர ஆஸ்பத்திரியில மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடந்தாருல்ல, அன்னைக்கு. ஒன்னய கேன்டீன்ல உக்கார வச்சிட்டு நான் மட்டும் வந்து நிக்கேன்… போனு. கடைக்கு சீல் வச்சிருவாக, ஒடனே அனுப்புன்னு ஒங்க பெரியப்பா கத்துதாக. ஒங்கம்மா கட்டில் கம்பியப் பிடிச்சிக்கிட்டு நகர மாட்டேன்னுட்டா. ஒங்கப்பாதான் அவ வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சு விட்டாரு. ‘போயிட்டு வா கனி, கடை போச்சுன்னா அண்ணன் தாங்க மாட்டான்’னு. இவ கோட்ட மாட்டிக்கிட்டு ‘ஆமா சார்’னு அங்க நிக்கா… இங்க அவரு உசுரு போயிருச்சு. சாமான் எடுக்க வந்தாளாம், சாமான்!"

பொன்னுராஜ் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பெட்டி நசுங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

சத்யா அம்மாவின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா சொல்லல? இத்தன வருசமா நான் ஒன்னய… எம்புட்டுப் பேசியிருக்கேன்… ஏம்மா சொல்லல?"

"சொன்னா பெரியப்பாவ வெறுப்ப. அந்த வீட்டுச் சோத்த வெறுப்ப. அப்பா இல்லாத பிள்ள, எங்கத்தா போவ? அதான்… என்னயவே வெறுத்துக்கிடட்டும்னு விட்டுட்டேன்."

"அம்மா!"

மகள் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். ஃபைல் இருவருக்கும் நடுவில் நசுங்கியது. தன்னைவிட ஒரு பிடி உயரமாகிவிட்ட பிள்ளையின் முதுகைத் தடவியபடியே மாரிக்கனி சொன்னாள்: "பார்மசி கெட்ட படிப்பு இல்லத்தா. எனக்கும் அம்புட்டுப் பிடிக்கும். ஒன் பேர இந்தச் சுவத்துல பாத்துருவேனோன்னுதான் பயந்தேன்."

பொன்னுராஜின் கையில் போன் மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை. "என் தம்பிய…" என்றார். "நான் என்ன செய்யணும்னு சொல்லு மாரிக்கனி. கடைய வேணும்னா மூடிருதேன்."

மாரிக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எந்திரிங்கத்தான். வண்டிய எடுங்க. கடைக்குப் போவோம்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆய்வாளர் பக்கத்துக் கடையில் இருந்தார். கோட்டு வீட்டில், அடுப்படிக் கதவுக்குப் பின்னால்! பொன்னுராஜ் பதறினார். சத்யா தன் புதுக்கோட்டை நீட்டினாள்.

"இதப் போட்டுக்கோம்மா."

தாளிப்பு வாசம் இல்லாத கோட்டு மாரிக்கனிக்குப் புதிதாக இருந்தது.

ஆய்வாளர் வந்தார். பில் புத்தகத்தைப் பார்த்தார், குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார், சுவரில் இருந்த பெயரைப் பார்த்தார். எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

"எப்பவும் கடையிலதான் இருப்பீங்களாம்மா?"

பொன்னுராஜ் கல்லாப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே இருப்பேன் சார்."

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இனிமேன்னா?"

"இனிமே இருப்பேன் சார்" என்றாள் அவள் மறுபடியும்.

அவர் பொன்னுராஜைப் பார்த்தார். பொன்னுராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "வெளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். பதில் எழுதுங்க" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் படி இறங்கினார்.

நோட்டீஸ் வரும். வந்தால் கடையைச் சில நாள் பூட்டவும் வேண்டியிருக்கும். ஆனாலும் மாரிக்கனிக்கு நெஞ்சில் ஒரு கல் நகர்ந்தது போல இருந்தது.

அவள் ஸ்டூலைப் போட்டு ஏறிச் சான்றிதழ்ச் சட்டத்தைக் கழற்றினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். பல வருடத் தூசி. அடியில், இரட்டைச் சடையோடு சிரித்துக்கொண்டிருந்தது ஒரு முகம்.

"இது நீயாம்மா?" சத்யா கிட்ட வந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து அந்தச் சுவரைப் பார்க்கிறாள். அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

"நாந்தான்… நம்ப முடியலையோ?"

சிரிப்பும் அழுகையுமாக இருவரும் நின்றார்கள். மாரிக்கனி சட்டத்தை மறுபடி அதே ஆணியில் மாட்டிவிட்டுக் கீழே இறங்கினாள்.

"அத்தான், முறைப்படி சம்பளம் குடுத்து வேற ஆளு பாருங்க. ஆளு கெடைக்கிற வரைக்கும் கடை தெறந்ததுலருந்து மூடுறது வரைக்கும் நான் இங்க இருப்பேன். அடுப்படியில இல்ல. கெடச்ச அன்னைக்கு இத எறக்கி எடுத்துக்கிட்டு பிள்ளையோட மதுரைக்குப் போயிருவேன். கோவத்துல போகல. ஒங்க தம்பி இருக்கும்போது, ஒரு நாளு எறக்கிருவோம்னு சொல்லியிருந்தாக… அதான்."

பொன்னுராஜ் மறுபேச்சுப் பேசவில்லை. ஈஸ்வரி மட்டும், "அடுப்படிய நான் பாத்துக்கிடுதேன், நீ போ" என்று மூக்கை உறிஞ்சினாள்.

சத்யா கடை மேசைமேல் போனை வைத்து, கலந்தாய்வுக்கான கல்லூரி வரிசையைத் திறந்தாள். "மதுரைய மொதல்ல போடவாம்மா?"

"போடு."

சத்யா மதுரையை வரிசையின் உச்சிக்கு நகர்த்தினாள். பிறகு ‘உறுதிசெய்’ என்பதை அழுத்தினாள்.

அப்போது ஒரு கிழவர் மருந்துச் சீட்டோடு படியேறி வந்தார். வழக்கம்போலப் பொன்னுராஜிடம் நீட்டினார். பொன்னுராஜ் வாங்கவில்லை. தான் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்தார். துண்டால் அதை ஒரு தட்டுத் தட்டி, மாரிக்கனியின் பக்கம் திருப்பிப் போட்டார்.

"எங்கிட்ட இல்ல பெரியவரே" என்றார். "அவியகிட்ட குடுங்க. அவியதான் பார்மசிஸ்டு."