மஞ்சள் குளித்த கடைசி ரீல்

"திருட்டுப் பயலே! கடைசி ரீலை எவன்கிட்டடா குடுத்தே?"

"முதலாளி, சட்டையை விடுங்க! நான் எடுக்கல்ல!"

"பூட்டு உடையல. கதவு உடையல. பூதமாடா வந்து தூக்கிட்டுப் போச்சு?"

கொட்டகையின் தகரச் சுவருக்கு இந்தப் பக்கம், தன் கடையில் இஞ்சித் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த மஸீனாவின் கை அப்படியே நின்றது.

'நான் எடுக்கல்ல' என்ற அந்தக் குரல்... படம் ஓட்டும் அவள் புருஷன் ஸஹாப்தீனுடையது!

மாத்தளை டவுன். மார்கழிக் குளிர். உலகமெல்லாம் யுத்தம். புதுப் படப்பெட்டி வருவது நின்றுபோனதால், கொட்டகை முதலாளி இராசமாணிக்கம் பழைய படங்களைத் தூசி தட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த வாரம் ஒரு அம்மன் படம்.

கடைசி ரீலில்தான் அம்மனே வருவாள்! அதைப் பார்க்க எல்கடுவ தேயிலைத் தோட்டத்திலிருந்து லொறி லொறியாகச் சனம்.

மஸீனா உள்ளே பாய்ந்தாள்.

"எங்க ஆள் மேல கை வைக்காதீங்க முதலாளி!"

"வைக்காம? நாலு மணிக்கு ஷோ! அம்மன் வராட்டி சனம் கொட்டகையப் பிரிச்சு மேஞ்சிடும். அதுக்குள்ள ரீல் வரணும்... இல்ல, இவன் பொலிசுக்குப் போகணும்!"

ஸஹாப்தீன் முகம் வெளுத்துவிட்டது.

"மெஷின் ரூம் சாவி எத்தன?" என்றாள் மஸீனா.

"ரெண்டு. ஒண்ணு இவன் இடுப்புல. ஒண்ணு என் வீட்டு ஆணியில. ஏன், என்னையே சந்தேகப்படுறியா?"

"சேச்சே... உங்களை இல்ல."

அவள் கண் கதவுக் கொண்டியில் நின்றது.

மஞ்சளாய் ஒரு விரல் தடம்!

மண்டைக்குள் பளிச்சென்று மின்னல்.

முதலாளியின் பெண்சாதி ராசம்மா! மஞ்சள் பூசிக் குளிக்காமல் வெளியே வர மாட்டாள். தினமும் முன் பெஞ்சில் உட்கார்ந்து படம் பார்ப்பாள். விளக்கு வைக்கும் நேரம் வந்ததும் வீட்டுக்கு ஓடிவிடுவாள். மறுநாள் காலையில் தேத்தண்ணிக் கடையில் வந்து, 'அம்மன் எப்படிப் புள்ள வந்தா?' என்று கேட்பாள்.

இன்று காலை கேட்கவில்லை.

சிரித்துவிட்டுப் போனாள்!

மஸீனா ஓடினாள். பின்னாலேயே முதலாளி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"எங்கடி ஓடுறே? அது என் வீடு!"

"அதான் ஓடுறேன்!"

குசினிக் கதவைத் தள்ளினாள்.

"யா அல்லாஹ்...!"

அடுப்புக்கு மேலே துணி காயப்போடும் கொடி. அதில் வளைந்து வளைந்து தொங்கியது... கடைசி ரீல்! சொட்டச் சொட்ட, மஞ்சளாக!

கீழே அடுப்பில் விறகு சடசடத்தது. ஒரு பொறி மேலே எழும்பியது.

ஃபிலிமில் ஒரு பொறி பட்டால் வீடே மிஞ்சாது என்று ஸஹாப்தீன் எத்தனை தடவை சொல்லியிருக்கிறான்! மெஷின் ரூமுக்குள் பீடிகூடப் பற்றவைக்க மாட்டானே!

மூலையில் தண்ணீரோடு ஒரு அண்டா. மஸீனா தூக்கினாள். அடுப்பில் கவிழ்த்தாள்.

உஸ்ஸ்ஸ்...!

அடுப்பு அணைந்தது. குசினி முழுக்க மஞ்சள் வாசம்.

"அடிப் பாவி! அபிஷேகத் தண்ணியடி அது!" பின்கட்டிலிருந்து ஓடிவந்த ராசம்மா அலறினாள்.

"அபிஷேகமா?" முதலாளி வாய் பிளந்தார்.

"ஆமா! ஊருக்கெல்லாம் அம்மன் வர்றா. எனக்கு மட்டும் வர மாட்டேங்குறா. நான் விளக்கு வைக்க வந்துர்றேன்ல? அதான் வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன். ஜன்னல் வெளிச்சத்துல ரீலைப் புடிச்சுப் பார்த்தா குட்டிக் குட்டியா எத்தனை அம்மன்! மஞ்சத் தண்ணி ஊத்தாம எப்படிங்க இருக்க முடியும்?"

"அதுக்கு அடுப்பு மேலயா காயப் போடுவே?"

"மார்கழி மழையில வெயிலுக்கு எங்க போறது? உங்க ஜட்டியையும் அங்கதானே காயப் போடுறேன்!"

மஸீனா சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்தாள்.

"முதலாளி, முதல்ல எங்க ஆள்கிட்ட மன்னிப்பு. அப்புறம், இன்னிக்கு அக்கா கடைசி வரைக்கும் படம் பார்க்கட்டும். நீங்க வந்து விளக்கு வைங்க."

முதலாளி ரீலை அள்ளிக்கொண்டு, ஸஹாப்தீனிடம் மன்னிப்புக் கேட்க ஓடினார்.

நாலு மணி. கொட்டகை நிறைந்தது. விசிறி விசிறிக் காயவைத்த ரீலை ஸஹாப்தீன் கடைசியில் மாட்டினான்.

வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருந்த இராசமாணிக்கத்துக்குக் கேட்டது...

ஹோ...வென்று ஒரு பேரிரைச்சல்!

"போச்சு! பிரிச்சுட்டானுங்க!"

தீப்பெட்டியும் கையுமாக ஓடிவந்தவர் வாசலிலேயே உறைந்தார்.

அதுவரை கறுப்பு வெள்ளையாக ஓடிய படத்தில், மஞ்சள் ஏறிய கடைசி ரீலில் அம்மன் தங்கமாக ஜொலித்தாள்!

சனம் கும்பிட்டுக்கொண்டே எழுந்து நின்றது. "தாயே! இன்னொருக்கா போடு! இன்னொருக்கா!" முன் பெஞ்சில் ராசம்மா, கண்ணீர் வழிய.

ஸஹாப்தீன் மெஷின் ரூம் ஓட்டையில் தலையை நீட்டி, கண் சிமிட்டினான்.

வாசகர்களே, ராசம்மா செய்தது திருட்டா, அபிஷேகமா? உங்கள் தீர்ப்பை ஒரு வரியில் கட்டாயம் எழுதிப் போடுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்... ஏனென்றால் இராசமாணிக்கம் அன்றைக்கே பெண்சாதி பக்கத்தில் போய் உட்கார்ந்து, காதோடு காதாகச் சொல்லிவிட்டார்:

"ராசம்மா... அடுத்த வாரம் சண்டைப் படம். கொஞ்சம் மிளகாய்த்தூள் கரைச்சு வையேன்!"