குட்டியாசானின் கடைசிக் கேள்வி

லிஜோ கையை நுழைத்தபோதே பொம்மையின் உள்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் கையை உருவியதுபோல. லைட்டுச் சூடாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, கறுப்புத் துணி போர்த்திய மேசைக்கடியில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

குழித்துறையில் ஒரு கேபிள் சேனல். 2007இல் மூன்றே வாரம் ஓடிய அதன் பேட்டி நிகழ்ச்சியில் கேள்வி கேட்பது குட்டியாசான் என்கிற பொம்மை. கையும் குரலும் லிஜோவுடையவை. கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஒனக்க வீட்டுல ஆரு செத்தா நிம்மதி?" சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். முதல் வாரம் ஒரு மீன்காரி விளையாட்டாக மாமியார் பெயரைச் சொன்னாள். மறுநாளே கிழவியின் அடக்கம். அடுத்த வாரம் கடைக்காரர் ஒருவர் தம்பி பெயரைச் சொன்னார். தம்பியின் உடல் திற்பரப்பு அருவிக்கடியில் கிடைத்தது.

அப்புறம் எவன் வருவான்? சேனல் முதலாளி கோலப்பன், வேடிக்கை பார்க்க வந்த லிஜோவின் மனைவி டெல்சியையே பிள்ளையோடு நாற்காலியில் உட்கார்த்திவிட்டார். "நேரலையாக்கும் மக்கா, வேற வழியில்ல." பாவி மனுஷன்! டெல்சிக்கோ பயமே இல்லை. நடந்ததெல்லாம் விதி, பொம்மை என்ன செய்யும் என்பாள்.

துணிக்குக் கீழே லிஜோவுக்குத் தெரிந்தவை கால்கள்தான்: டெல்சியின் கால்கள், அவள் மடியிலிருந்து தொங்கி ஆடிய மகன் அபினின் சின்னக் கால்கள். வயர் சூடேறும் வாடையும் டெல்சியின் பவுடர் மணமும் கூட்டத்தின் இருமலும் துணிக்குள் தேங்கி நிற்க, இன்றைக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

மேலே பொம்மையின் மரவாய் திறந்தது.

"ஏட்டி டெல்சி, ஒனக்க வீட்டுல ஆரு செத்தா நிம்மதி?"

அவன் குரலேதான். அவன் பேசவில்லை.

டெல்சி சிரித்தாள். "வேற ஆரு? எனக்க மாப்பிளதான். பேரு..."

மாதாவே! தன் பெயர் வருமுன் முந்திக்கொள்ள வேண்டும். ஒரு பெயர். யார் பெயராவது. நாள் முழுக்கக் கூப்பிட்டுப் பழகிய பெயர்தான் வாயில் வந்தது.

"அபின்!"

"தகப்பனே சொல்லியாச்சு. செரி," என்றது பொம்மை.

லிஜோ கையை உருவினான். உடனே வந்துவிட்டது. மேலே மரவாய் நிற்கவில்லை. டக். டக்.

சின்னக் கால்கள் ஆடுவதை நிறுத்தின. மேலே எழும்பின. மெல்ல. மேசைப் பக்கமாக. டெல்சி அலறினாள். கூட்டம் அதற்கும் கை தட்டியது.

பொம்மை குனிந்து துணியை விலக்கி அவனைப் பார்த்தது. பேசியது அபினின் குரல்.

"அப்பா, கையத் தாங்க."