டேப்பின் மறுமுனை

கையிலிருந்த டேப் மரங்களுக்குள் நகர்ந்துகொண்டே இருந்தது. ஃபர்சானா நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். திவ்யா ஒரு மரத்தருகே நின்று சுற்றளவு எடுக்கும்போது டேப் தொய்ந்து மணலில் கிடக்கும். அடுத்த மரத்துக்கு நடந்தால்தான் நகரும். இப்போது அளவும் வந்தது, டேப்பும் நிற்காமல் போனது.

"இருபத்தொம்போது," என்று மரங்களுக்குள்ளிருந்து திவ்யாவின் குரல் வந்தது.

எழுதிக்கொண்டாள்.

மாமல்லபுரத்தைத் தாண்டிக் கடலை ஒட்டிய சவுக்குத் தோப்பு அது. நாலு வருஷ மரங்கள், வரிசை வரிசையாக, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி. வனவியல் கடைசி வருஷப் புராஜெக்ட்டை நாளைக்குக் காட்டியாக வேண்டும். கோவளத்திலிருந்து ஃபர்சானா கிளம்பும்போது, துணைக்குச் செங்கல்பட்டிலிருந்து வகுப்புத் தோழி திவ்யாவையும் வரவழைத்திருந்தாள். பெரிய டேப்பின் நுனி வளையத்தை பெல்ட்டில் மாட்டிக்கொண்டு திவ்யா வரிசைக்குள் போவாள். கையில் இருக்கும் சின்ன டேப்பால் ஒவ்வொரு மரத்தையும் சென்டிமீட்டரில் அளந்து குரல் கொடுப்பாள். தூரத்தையும் அளவையும் ஃபர்சானா எழுதுவாள்.

"மானம் இருட்டிகினு வருதுடி. போலாம்," என்று கால் மணி நேரத்துக்கு முன்னால் திவ்யா சொன்னாள்.

"கடைசி வரிசைடி. இது இல்லன்னா புராஜெக்டே அவுட்டு."

திவ்யா வளையத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

மழைக்கு முந்தைய அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் பத்து மரத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. சவுக்கு ஊசிகளுக்குள் காற்று புகுந்து இரைந்துகொண்டே இருந்தது, அந்த இரைச்சலுக்கு அடியில் அலை, ஈர மணலின் உப்பு வாடை, அதோடு எங்கோ புதிதாகத் தோண்டிய மண்ணின் வாடை.

"பதினஞ்சு."

"அவ்ளோ சின்னதா? பட்ட மரமா?"

டேப் உரசிக்கொண்டு போனது.

"முப்பத்திரண்டு."

எழுதினாள்.

"அம்பத்தி நாலு."

பேனா நின்றது. நாலு வருஷத் தோப்பில் அவ்வளவு பருத்த மரம் கிடையாது.

"இன்னாடி சொல்ற? இன்னொரு தபா பாரு."

"அம்பத்தி நாலு." அதே குரல். அதே ஏற்ற இறக்கம்.

பதினைந்து, முப்பத்திரண்டு, ஐம்பத்து நாலு. முதல் வருஷ வகுப்பில் டேப் பிடிக்கக் கற்றுக்கொண்டபோது இருவரும் ஒருவரையொருவர் அளந்து பார்த்துச் சிரித்தது ஃபர்சானாவுக்கு நினைவு வந்தது. திவ்யாவின் மணிக்கட்டு பதினைந்து. கழுத்து முப்பத்திரண்டு. தலை ஐம்பத்து நாலு.

"திவ்யா, விளையாடாத. வா, போலாம்."

காற்று மட்டும் இரைந்தது.

டேப்பைச் சுற்றிக்கொண்டே உள்ளே நடந்தாள். வற்புறுத்தி உள்ளே அனுப்பியது தான்தான்; விட்டுவிட்டு ஓட முடியாது. டேப் முறுக்கேறி நேராகப் போனது. இருபது மீட்டர். பதினைந்து. காலடியில் ஊசிகள் நொறுங்கின. பிறகு அந்தச் சத்தமும் இல்லை. காற்று நின்றிருந்தது.

வரிசையில் திவ்யா நின்றாள்.

இரண்டு மரங்களுக்கு நடுவில். ஒரு மரம் நிற்க வேண்டிய இடத்தில், அதே இடைவெளி விட்டு. கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. கால்கள் முட்டி வரை மணலுக்குள். சுற்றிலும் மணலை யாரோ மிதித்துக் கெட்டிப்படுத்தியிருந்தார்கள், நாற்று நட்ட பிறகு செய்வதுபோல.

கண்கள் திறந்திருந்தன. ஃபர்சானாவைப் பார்த்தன. கண்ணீர் வழிந்தது.

"திவ்யா..."

திவ்யாவின் உதடு அசையவில்லை.

அவள் பெல்ட்டில் வளையம் இல்லை. டேப் அவளைத் தாண்டிப் போனது. மரங்களுக்குள். இருட்டுக்குள். இன்னும் முறுக்காக.

திவ்யாவுக்கு அடுத்து மணலில் ஒரு குழி. புதிது. ஓரத்து மண் இன்னும் சரிந்துகொண்டிருந்தது.

டேப் இழுபட்டது. ஃபர்சானாவின் கை முன்னால் போனது.

இருட்டுக்குள்ளிருந்து திவ்யாவின் குரல் வந்தது. ரொம்பப் பக்கத்தில்.

"அடுத்தது."